பிளேட்டிங் ரேக்குக்கு எந்த மெட்டீரியல்? ஒரு தொட்டியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

மார்த்தாண்டம் பக்கத்தில் சின்னதாக நிக்கல்-குரோம் பட்டறை நடத்தும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. பித்தளைக் கைப்பிடி, கதவுத் தாழ்ப்பாள், கொஞ்சம் டூவீலர் சாமான்கள் போடுகிறார். சாமானை மாட்டித் தொட்டி தொட்டியாக முக்கியெடுக்கும் ரேக்கின் மேல் இருக்கும் பிளாஸ்டிசால் (ஒரு வகை பிவிசி) கோட்டிங் மூன்று மாதத்திலேயே வெடித்துவிடுகிறதாம். ஒருவர் பிபி (பாலிபுரொப்பிலீன்) ஷீட்டில் ஃபிரேம் செய்யச் சொல்கிறார், இன்னொருவர் பிளம்பிங் பிவிசி பைப்பே போதும் என்கிறார், மூன்றாமவர் எல்லாவற்றையும் டைட்டானியத்தில் செய்தால் கவலை விட்டது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று பேருமே ஏதோ ஒரு தொட்டியை மனதில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கும், ஒரே கெமிக்கலைத்தான் ஆயுசு முழுக்கப் பார்க்கும். ரேக் அப்படி இல்லை. உங்கள் லைனையே எடுத்துக்கொள்ளுங்கள்: 70 டிகிரி சோக் கிளீனரில் (எண்ணெய் போக ஊறவைக்கும் தொட்டி) காஸ்டிக் சோடா, அப்புறம் கரண்ட் விட்டுக் கழுவும் எலக்ட்ரோ கிளீனர், தண்ணீர், ஆசிட் டிப், தண்ணீர், 55 டிகிரி நிக்கல், தண்ணீர், லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் ஆசிட் இருக்கும் குரோம் தொட்டி, மறுபடியும் தண்ணீர், கடைசியில் சுடுதண்ணீர். இதை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சுற்றுகிறது. வாரக் கடைசியில் ஹூக் முனையில் தடித்துப்போன நிக்கலைக் கழற்ற நைட்ரிக் ஆசிடில் வேறு முக்குகிறீர்கள். மெட்டீரியல் கேட்கப் போகும்போது இந்த நைட்ரிக்கை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை, நானும் ரொம்ப நாள் சேர்த்ததில்லை. கடைக்காரர் காட்டும் சார்ட்டில் குரோமிக் ஆசிடுக்கு நேராக ஒரு டிக் இருக்கும், அதைப் பார்த்து வாங்கிவிடுவோம். அதே பொருள் சூடான காஸ்டிக்கில் என்ன ஆகும் என்பது வேறு பக்கத்தில் இருக்கும்.

அதனால் முதல் வேலை, ரேக் தொடும் ஒவ்வொரு திரவத்தையும் அதன் சூட்டோடும் அடர்த்தியோடும், எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதோடும் ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்ட்ரிப்பிங்கையும் எழுதுங்கள். அந்தத் தாளில் இருக்கும் எல்லாவற்றையும் தாங்குவதுதான் உங்கள் மெட்டீரியல். ஒன்றில் தோற்றாலும் வேண்டாம்.

இப்போது உங்கள் கோட்டிங் ஏன் வெடிக்கிறது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் பிரச்சினை பிளாஸ்டிசாலே தப்பு என்பதாக இருக்காது என்று நினைக்கிறேன். ஒரு பழைய ரேக்கை எடுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கரண்ட் கொண்டுவரும் பஸ்பாரில் மாட்டும் வளைவுக்குக் கீழே பிளேடால் நீளமாகக் கீறி உரித்துப் பாருங்கள். வெளியே மயிரிழை போல ஒரு வெடிப்புதான் தெரியும். உள்ளே, தாமிரம் பச்சையாக மாவு பூத்து, கோட்டிங்குக்கும் உலோகத்துக்கும் நடுவே மஞ்சளாக ஈரம் நிற்கும். அந்த மஞ்சள் குரோமிக் ஆசிட். தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் அது வெளியே வராது, ஆனால் 55 டிகிரி நிக்கல் தொட்டிக்குள் போனதும் சூட்டில் விரிந்து சொட்டுச் சொட்டாகக் கசியும். அதில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள், வெறும் கையால் தொடாதீர்கள், அந்தத் துண்டைக் குப்பையில் போடாதீர்கள்.

இந்தக் கசிவு எனக்கு ஒரு தடவை 600 லிட்டர் நிக்கல் பாத்தை (தொட்டிக் கரைசலை) கெடுத்தது. முதலில் பள்ளமான இடங்களில் நிக்கல் ஏறவில்லை, பிறகு ஏறியதும் செதில் செதிலாக உரிந்தது. பளபளப்பு தரும் பிரைட்னர் குறைந்துவிட்டது என்று பிரைட்னர் ஊற்றினேன், கிளீனரை மாற்றினேன், இரண்டு வாரம் அப்படியே போனது. கடைசியில் ரேக்கை உரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. நிக்கல் பாத்தில் குரோமியம் லிட்டருக்குச் சில மில்லிகிராம் சேர்ந்தாலே போதும், இந்தக் கோளாறெல்லாம் வரும். அதைச் சரிசெய்ய, குரோமியத்தை மூன்று இணைதிறனுக்கு இறக்கி, பிஎச்சை ஏற்றிப் படியவைத்து, முழு பாத்தையும் ஃபில்டர் செய்ய வேண்டும். ஒரு நல்ல ரேக்கின் விலையை விட அந்த ஃபில்டர் வேலைக்கு அதிகம் செலவானது.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். உங்களிடம் சயனைடு பாத் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். துத்தநாக டைகாஸ்டிங் சாமான் எடுத்து சயனைடு காப்பர் ஆரம்பித்தாலோ, வடசேரிக் கோயில் நகைக்காரர்கள் யாராவது தங்க முலாம் போடக் கேட்டு தங்க சயனைடு பாத் வைத்தாலோ, வெடித்த ரேக் ஒன்றுகூட அந்தப் பக்கம் போகக் கூடாது. வெடிப்புக்குள் தங்கிய சயனைடு ஆசிட் தொட்டிக்குள் போனால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். அது ஆளைக் கொல்லும். சயனைடுக்கான ரேக்குக்குத் தனி நிறக் கோட்டிங், தொங்கவிடத் தனிச் சுவர், தனி ஆள்.

சரி, வெடிப்பு ஏன் வருகிறது? பெரும்பாலும் உள்ளே இருக்கும் உலோக வேலையில் குறை. பிளாஸ்டிசால் என்பது பிளாஸ்டிசைசர் (இளக்கும் எண்ணெய்) கலந்த பிவிசிக் குழம்பு. உலோகத்தில் பிரைமர் பூசி, சூடாக்கி, முக்கியெடுத்து, ஏறத்தாழ 175 முதல் 190 டிகிரியில் வேகவைப்பார்கள். பிரைமர் சரியாக ஏறவில்லை என்றால் கோட்டிங் சட்டை மாதிரி மேலே தொங்கும், ஒட்டாது. பட்டையின் ஓரம் கூர்மையாக இருந்தால் அங்கே குழம்பு வழிந்து மெலிந்துவிடும், முதலில் வெடிப்பதும் அங்கேதான். அடுத்தது ஜாயின்ட். பட்டறையில் ஈய சால்டர் வைத்து ஹூக்கை ஒட்டிக் கொடுத்தால், ஈயம்-வெள்ளீயம் சால்டர் 183 டிகிரியில் உருகிவிடும், அதாவது கோட்டிங் வேகும் அடுப்பிலேயே ஜாயின்ட் தளர்ந்துபோகிறது. வெளியே வரும்போது பார்க்க நன்றாக இருக்கும், ஒரு மாதம் பாரம் தாங்கி ஆடியதும் அந்த இடத்தில் கோட்டிங் பிளக்கும். பிரேசிங் (சால்டரைவிட அதிக சூட்டில் உருகும் கம்பியால் பற்றவைப்பது) செய்யுங்கள், அல்லது ரிவெட் அடித்து அதன்மேல் பிரேசிங் செய்யுங்கள்.

மூன்றாவது காரணம் சூடு, இதை நிறையப் பேர் கெமிக்கல் தாக்கியது என்று நினைத்துவிடுகிறார்கள். உங்கள் ரேக்கில் மொத்தம் 20 சதுர டெசிமீட்டர் சாமான் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நிக்கலில் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 4 ஆம்பியர் போட்டால் 80 ஆம்பியர். தாமிரத்துக்குச் சதுர மில்லிமீட்டருக்கு ஒன்றரை ஆம்பியர் என்பது பழைய கணக்கு, அப்படியானால் 25க்கு 3 மில்லிமீட்டர் பட்டை சுமார் 110 ஆம்பியர் தாங்கும், தாராளம். ஆனால் அதே ரேக் குரோமுக்குப் போகும்போது 12 ஆம்பியர் வீதம் 240 ஆம்பியர் கேட்கிறது. பட்டை உள்ளுக்குள் கொதிக்கும், கோட்டிங் உள்பக்கத்திலிருந்து வேகும், பிளாஸ்டிசைசர் வெளியேறி விறைத்துப்போகும், அப்புறம் வெடிக்காமல் என்ன செய்யும்? குரோம் ஓடி முடிந்ததும் மேல் வளைவைக் கையுறையோடு தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியவில்லை என்றால் உங்கள் பிரச்சினை இதுதான். 40க்கு 5 பட்டை போடுங்கள்.

முழு டைட்டானியம் ரேக் என்ற யோசனையும் இங்கேதான் தடுக்கிறது. குரோமிக் ஆசிடும் நைட்ரிக்கும் டைட்டானியத்தை ஒன்றும் செய்யாது, அது உண்மை. ஆனால் மின்சாரம் கடத்துவதில் அது தாமிரத்தில் முப்பதில் ஒரு பங்கு போலத்தான். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) அதைவிடவும் மோசம், நாற்பதில் ஒரு பங்கு. பித்தளையே கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். முழு ரேக்கும் டைட்டானியத்தில் செய்தால் கரண்ட் கொண்டுபோக அவ்வளவு தடிமன் வேண்டும், காசும் போகும், சூடும் ஏறும். அலுமினியத்துக்கு அனோடைசிங் (கரண்ட் விட்டு ஆக்சைடு தோல் வளர்ப்பது) போடுபவர்களுக்கு டைட்டானியம் வரப்பிரசாதம், அங்கே கரண்ட் அடர்த்தி குறைவு, ரேக்கை ஒவ்வொரு முறையும் காஸ்டிக்கில் கழுவ வேண்டியதில்லை. உங்களுக்கு அப்படி இல்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு: ஃபுளோரைடு. ஈயம் கலந்த பித்தளைக்கு ஃபுளூரோபோரிக் ஆசிடில் முக்கியெடுக்கும் பழக்கம் இருக்கிறது, சில ரெடிமேட் ஆசிட் சால்ட்டிலும் பைஃபுளோரைடு கலந்திருக்கும், சில குரோம் பாத்திலும் ஃபுளோரைடு கேட்டலிஸ்ட் உண்டு. ஃபுளோரைடு டைட்டானியத்தின் மேல்தோலை அரித்துவிடும். பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் டைட்டானியத்துக்குக் காசு கொடுக்க வேண்டும்.

சாமானைத் தொடும் முனைக்கு மட்டும் எஸ்எஸ் போடுங்கள், உங்களுக்கு அதுதான் பொருந்தும். முனை குட்டையாக இருப்பதால் அதன் மின்தடை பெரிதாகப் பாதிக்காது, நைட்ரிக்கில் நிக்கலைக் கழற்றும்போது எஸ்எஸ் அசையாது. தாமிரமோ பாஸ்பர் பிரான்ஸோ போட்டால் நைட்ரிக்கில் முனையே கரைந்துபோகும். ஆனால் எஸ்எஸ் முனையை ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் ஊறப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், ஊசிக் குத்தாக அரிக்கும். டிப் செய்யும் ஒன்றிரண்டு நிமிடம் தாங்கும், அவ்வளவுதான். எஸ்எஸ்ஸில் நிக்கல் நன்றாக ஒட்டாது என்பதால் தடித்ததும் தானாக உரியும், அந்தச் செதில் பாத்துக்குள் விழுந்தால் சாமான் சொரசொரக்கும். ஆகவே வாராவாரம் கழற்றிவிடுங்கள்.

இப்போது பிளாஸ்டிக்குகள். பிபி நல்ல பொருள், லேசானது, வெல்ட் செய்யலாம், சூடான நிக்கலையும் காஸ்டிக்கையும் ஹைட்ரோகுளோரிக்கையும் நன்றாகத் தாங்கும். குரோமிக் ஆசிடும் நைட்ரிக்கும்தான் அதற்கு எமன். இவை இரண்டும் ஆக்சிஜனேற்றம் செய்பவை, பிபியின் சங்கிலியை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும், வெல்ட் செய்த இடத்திலும் போல்ட் இறுக்கிய இடத்திலும் முதலில் கீறல் விடும். உங்கள் ரேக் குரோமுக்குள் போவதால் பிபி ஃபிரேம் வேண்டாம். நிக்கல் தொட்டி, ஆனோடு பை, ரின்ஸ் தொட்டி இதற்கெல்லாம் தாராளமாக பிபி போடுங்கள்.

பிவிசி பைப் சொன்னவர் குரோமை நினைத்துச் சொல்லியிருப்பார், ஏனென்றால் 45 டிகிரி குரோமிக் ஆசிடைப் பிவிசி நன்றாகவே தாங்கும். சோக் கிளீனரில்தான் மாட்டிக்கொள்வார். சாதாரண விறைப்பான பிவிசியை 60 டிகிரிக்கு மேல் நம்பக் கூடாது. 70 டிகிரியில் சாமான் பாரத்தோடு தொங்கவிட்டால் பைப் வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி வளையும். சுடுதண்ணீருக்குப் போடும் அந்தத் தந்த நிறச் சிபிவிசி பைப் 90 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும், கிளீனர் முதல் குரோம் வரை எல்லாவற்றிலும் போய்வரக்கூடியது அது. சின்ன ஸ்பேசர், கைப்பிடி, சாமான் ஆடாமல் பிடிக்கும் கவை இதெல்லாம் சிபிவிசியில் செய்துகொள்ளலாம். பைப்பின் இரண்டு பக்கமும் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே ஆசிடை மொண்டுகொண்டு அடுத்த தொட்டிக்குப் போகும்.

பிவிடிஎஃப் என்ற ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக்கைச் சிலர் எல்லாவற்றுக்கும் ராஜா மாதிரி விற்பார்கள். குரோமுக்கும் நைட்ரிக்குக்கும் சூட்டுக்கும் உண்மையிலேயே அதுதான் ராஜா. ஆனால் சூடான, அடர்த்தியான காஸ்டிக்கில் அது பழுப்பாகி நொறுங்கும். பிளாஸ்டிசாலுக்கும் ஒரு எதிரி உண்டு: கரைப்பான்கள். டிரைகுளோரோ எத்திலீனிலோ தின்னரிலோ கோட்டிங் போட்ட ரேக்கை முக்கினால் உப்பிப் பிசுபிசுத்துவிடும். பாலிஷ் கறையைப் போக்க ரேக்கோடு சேர்த்து டிரைகுளோரில் முக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், சாமானைத் தனியாகக் கழுவிவிட்டு அப்புறம் மாட்டுங்கள்.

நம் மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் இருப்பதால், ரப்பர் ஷீட் சுற்றினால் போதாதா என்றும் கேட்பார்கள். ஹைட்ரோகுளோரிக்குக்கு ரப்பர் அருமையான பொருள், கந்தகம் அதிகம் சேர்த்துக் கெட்டியாக்கிய எபோனைட் லைனிங் போட்ட ஆசிட் தொட்டிகள் வருடக்கணக்கில் ஓடுகின்றன. குரோமிக்கிலும் நைட்ரிக்கிலும் அதே ரப்பர் வெடித்துப் பொடிந்துபோகும். ஆசிட் தொட்டிக்கு ரப்பர் சரி, உங்கள் ரேக்குக்குச் சரிவராது.

நைலானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் கைக்குக் கிடைத்த வலைநூலை எடுத்துச் சாமானைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ வலைக்காரர்களிடம் நைலான் நூல் ஒரு துண்டும் பிளாஸ்டிக் கயிறு ஒரு துண்டும் வாங்குங்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் தண்ணீரும் சரிபாதி கலந்த கண்ணாடிக் குப்பியில் இரண்டையும் போட்டு வைத்துப் பாருங்கள். நைலான் வழவழத்து, இளகி, கடைசியில் கரைந்தே போகும். பிபி அல்லது எச்டிபிஇ கயிறு போட்டபடியே கிடக்கும். கேபிள் டையும் நைலான்தான். அதில் மாட்டிய சாமான் ஆசிட் தொட்டியின் அடியில் கிடைக்கும்.

வாங்கும் ஷீட்டும் பைப்பும் சொன்ன பொருள்தானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பிபி என்று சொல்லி வேறு எதையோ கொடுத்து ஏமாந்தவன் நான். ஒரு சின்னச் சீவலைத் தண்ணீரில் போடுங்கள். கலப்பில்லாத பிபியும் எச்டிபிஇயும் மிதக்கும். பிவிசி, நைலான், பிவிடிஎஃப், டெஃப்லான் எல்லாம் மூழ்கும். மூழ்கியது பிவிசியா என்று அறிய, மேல்பூச்சு சுரண்டிய தாமிரக் கம்பியை கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, அந்தப் பிளாஸ்டிக்கைத் தொட்டு, மறுபடியும் நீலத் தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது, பிவிசி அல்லது சிபிவிசி. கடுகளவு போதும், வெட்டவெளியில் செய்யுங்கள். டெஃப்லான், பிவிடிஎஃப் என்று சந்தேகம் இருந்தால் தீயில் காட்டவே வேண்டாம், அந்தப் புகை நஞ்சு.

அடுத்தது ஊறவைத்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் தாங்குமா என்று பார்க்க ஏஎஸ்டிஎம் டி543 என்று ஒரு தரமுறையே இருக்கிறது, அதன் சாரத்தை நாமே செய்யலாம். கோட்டிங் போட்ட துண்டு ஒன்றை உங்கள் கோட்டிங்காரரிடம் கேட்டு வாங்குங்கள், விரல் நீளம் போதும். நகைக்கடைத் தராசில் எடை போட்டு, உங்கள் கிளீனரில் உங்கள் சூட்டிலேயே ஏழு நாள், குரோமில் ஏழு நாள் வைத்து, கழுவித் துடைத்து மறுபடியும் எடை பாருங்கள். எடை கூடினால் உறிஞ்சுகிறது, குறைந்தால் பிளாஸ்டிசைசரோ கோட்டிங்கோ கரைந்து போகிறது. வளைத்தும் பாருங்கள், நேராக வைத்தபோது நன்றாக இருந்தது வளைக்கும்போது வெடிக்கும். இன்னொரு துண்டை நிக்கல் கரைசலில் சூட்டோடு இரண்டு நாள் ஊறவைத்து, அந்தக் கரைசலை 267 மில்லி ஹல் செல் என்ற சின்னச் சோதனைத் தொட்டியில் ஓட்டி, சாதாரணக் கரைசலின் தகட்டோடு ஒப்பிடுங்கள். மங்கலோ புகைப்படலமோ தெரிந்தால் அந்தக் கோட்டிங்கிலிருந்து எண்ணெய் கசிகிறது, உங்கள் பிரைட் நிக்கலுக்கு அது ஆகாது.

நம் ஊர்க் காற்றையும் மறக்கக் கூடாது. கடல் பக்கம், இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம், காற்றில் எப்போதும் உப்பும் ஈரமும். வேலை இல்லாத நாளில் ரேக்கை அலசாமல் சுவரில் சாய்த்து வைத்தால், பஸ்பாரைத் தொடும் கொக்கியின் தாமிர முகம் பச்சை பிடித்து, மறுநாள் கரண்ட் ஏறாமல் அங்கேயே சூடாகும். அலசி, காயவைத்து, உள்ளே தொங்கவிடுங்கள். பிபி சாமான் எதையும் மொட்டை மாடி வெயிலில் போடாதீர்கள், வெயில் அதை வெளுத்து நொறுக்கிவிடும்.

ஆக, நீங்கள் செய்ய வேண்டிய ரேக் இது: 40க்கு 5 தாமிரப் பட்டை, ஓரமெல்லாம் அரம் போட்டு உருட்டியது, எஸ்எஸ் முனைகள் பிரேசிங் செய்தவை, சால்டர் எங்கும் கூடாது, நல்ல பிரைமருக்கு மேல் 2 மில்லிமீட்டருக்குக் குறையாத பிளாஸ்டிசால், முனையில் சாமானைத் தொடும் 6, 7 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரிய, ஜாயின்ட் முழுக்கக் கோட்டிங்குக்குள். கோட்டிங் போட்ட பிறகு திருகு மாட்ட ஓட்டை போடவே கூடாது, அந்த ஓட்டைதான் அடுத்த வெடிப்பு.

மொத்தமாகப் பத்து ரேக் செய்யாதீர்கள். இரண்டு செய்யுங்கள். வந்ததும் சாமான் இல்லாமல் வெறும் ரேக்கைக் கிளீன் செய்து நிக்கல் தொட்டியில் குறைந்த வோல்ட்டில் ஐந்து நிமிடம் தொங்கவிடுங்கள். முனையைத் தவிர வேறெங்காவது கடுகு போல நிக்கல் மொட்டு விட்டிருந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். தேறினால் இரண்டையும் மூன்று மாதம் ஓட்டுங்கள். அப்புறம் ஒன்றை மனதைத் தேற்றிக்கொண்டு வளைவில் கீறிப் பாருங்கள். உள்ளே தாமிரம் செக்கச் செவேலென்று இருந்தால் மீதி எட்டுக்கு ஆர்டர் கொடுங்கள். பச்சை பூத்திருந்தால், அந்தத் துண்டைக் கழுவி எடுத்துக்கொண்டுபோய்க் கோட்டிங்காரரிடம் காட்டி, எந்தப் பிரைமர் போட்டார், அடுப்பு எத்தனை டிகிரி என்று கேளுங்கள்.